இரண்டு முறை எரிந்த டிரான்சிஸ்டர்: ஒரு பழைய ஆர்கேட் மானிட்டரைப் பழுது பார்த்த அனுபவம்

கடந்த குளிர்காலத்தில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கிச்சனர் நகரில் நான் வசிக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற தம்பதியர் ஒருவர் தங்கள் வீட்டைக் காலி செய்தனர். அவர்களுடைய நிலவறையில் பல ஆண்டுகளாகப் போர்வை மூடி நின்றிருந்த கேலகா விளையாட்டு இயந்திரத்தை, ‘சத்தம் வருகிறது, படம் வராது’ என்ற எச்சரிக்கையோடு, மிகக் குறைந்த விலைக்கு எனக்குக் கொடுத்தார்கள். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1981இல் உருவாக்கி, வட அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. வீட்டுக்குக் கொண்டுவந்து மின்னிணைப்புக் கொடுத்து நாணயம் போட்டபோது, எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமான அந்த ஒலி குறையின்றி வந்தது. திரை மட்டும் கரும்பலகையாகவே நின்றது.

பின்கதவைத் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்தது எலெக்ட்ரோஹோம் ஜி07 என்ற 19 அங்குல வண்ண மானிட்டர். 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் எலெக்ட்ரோஹோம் நிறுவனம் எங்கள் கிச்சனர் நகரில் இயங்கியது என்பதால், நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு பெட்டி என் கைக்குத் திரும்பி வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை அடுத்த ஆறு வாரங்களுக்கு என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒலி வருவதே முதல் தடயம். விளையாட்டுப் பலகை உயிரோடு இருக்கிறது, அதற்குரிய மின்வழங்கியும் வேலை செய்கிறது, ஆகவே கோளாறு மானிட்டரிலோ அதற்குப் போகும் மின்சாரத்திலோ இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. இரண்டாவது தடயம் பிக்சர் டியூபின் கழுத்து. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், வேலை செய்யும் டியூபின் கழுத்துக்குள் ஃபிலமென்ட் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கும். என்னுடையதில் இருள்தான். ஜி07 வகையில் இந்த ஃபிலமென்ட்டுக்கான மின்சாரம், டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்றிலிருந்தே வருகிறது. நம் ஊர் டிவி மெக்கானிக்குகள் ஈஎச்டி என்றும் எல்ஓடி என்றும் அழைப்பது இதைத்தான். எனவே கழுத்து இருண்டிருந்தால், டியூபைச் சந்தேகிப்பதற்கு முன், படத்தின் கிடைவரிகளை இயக்கும் பகுதி ஓடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டியூப் போய்விட்டது என்று இந்த இடத்திலேயே முடிவுகட்டி, எத்தனையோ நல்ல மானிட்டர்களைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

கேபினட்டின் அடியில் இருந்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மானிட்டருக்குப் போகும் மின்சாரத்தை அளந்தேன்; 120 வோல்ட்டுக்கு அருகில் சரியாக இருந்தது. இந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய மானிட்டர்கள் உள்ளே வரும் மாறுமின்சாரத்தை நேரடியாக, அதை நேர்மின்சாரமாக மாற்றும் டயோடு பாலத்துக்கு அனுப்பிவிடுகின்றன. வீட்டுச் சுவரின் மின்சாரத்தையும் மானிட்டரையும் பிரித்து வைக்கும் ஒரே தடுப்பு அந்தத் தனி டிரான்ஸ்ஃபார்மர்தான். மானிட்டரைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதிக்கும்போது, ‘120 வோல்ட்தானே’ என்று சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகினால், அதன் உலோகச் சட்டமே உயிர்க்கம்பியாக மாறிவிடும் வாய்ப்பு இருக்கிறது. மானிட்டர் மேசைக்கு வரும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே வந்தாக வேண்டும்.

பிக்சர் டியூபுக்குள் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த அபாயம். நானும் அதற்கு உரிய மரியாதையைச் செய்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டியூபைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியோடு இணைத்த ஸ்க்ரூடிரைவரை ஆனோடு ரப்பர் மூடியின் அடியில் நுழைத்துத் தொட்டேன். சில நிமிடம் பொறுத்து மறுபடியும் தொட்டேன். கண்ணாடி மின்னூட்டத்தைச் சிறிது மிச்சம் வைத்திருந்து மீண்டும் வெளிவிடும் என்பதால் ஒருமுறை தொட்டால் போதாது. இவ்வளவு சடங்கையும் முடித்துவிட்டு, இனி அபாயமில்லை என்ற நினைப்பில் பலகையைத் திருப்பிப் பிடித்தபோது விரல்நுனியில் ஓர் அடி விழுந்தது. மின்சாரம் வடிகட்டும் பெரிய கெபாசிட்டரில் 160 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம் இருக்கும். வழக்கமாக மானிட்டரே அதைக் குடித்துத் தீர்த்துவிடும். என்னுடையதில் அதற்குப் பின்னால் இருந்த ஃபியூஸ் அறுந்து கிடந்ததால், சார்ஜ் வெளியேற வழியில்லாமல் அங்கேயே காத்திருந்தது. உயிரோடு இருக்கும் மானிட்டரை விடச் செத்த மானிட்டரில் இந்த அபாயம் அதிகம் என்பதை நான் படித்து அறியவில்லை. இப்போதெல்லாம் ஒரு ரெசிஸ்டரின் இரு முனையிலும் கம்பி கட்டி வைத்திருக்கிறேன். பலகையைத் தொடுவதற்கு முன் அந்தக் கெபாசிட்டரை அதன் வழியே வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையை வைக்கிறேன்.

அறுந்திருந்தது பி பிளஸ் எனப்படும் முதன்மை நேர்மின் பாதையின் ஃபியூஸ். ஜி07க்கு அந்தப் பாதையில் 120 வோல்ட் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு அப்பால், பி பிளஸுக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டரை வைத்ததும் ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்டியது. அடுத்த சந்தேகம் கிடைவரி வெளியீட்டு டிரான்சிஸ்டரின் மேல் விழுந்தது. தொப்பி வடிவ உலோக உறையுள்ள அந்த 2எஸ்டி870ஐக் கழற்றி அளந்ததில், பேஸ், கலெக்டர், எமிட்டர் என்ற அதன் மூன்று முனைகளில் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. இங்கே புதியவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு சங்கதி உண்டு. டிரான்சிஸ்டர் பலகையில் இணைந்திருக்கும்போது பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே எப்போதும் ஷார்ட் போலத்தான் காட்டும். காரணம், அந்த டிரான்சிஸ்டரைத் தூண்டி இயக்கும் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று அவ்விரண்டுக்கும் குறுக்கே இருப்பது. கழற்றி அளந்தாலும், டேம்பர் டயோடோடு வரும் இந்த வகைகளில் உள்ளேயே ஒரு சிறிய ரெசிஸ்டர் இருப்பதால், சில பத்து ஓம்கள் காட்டும். அதைப் பழுது என்று எண்ணி நல்ல டிரான்சிஸ்டரைத் தூக்கி எறியக் கூடாது. பார்க்க வேண்டியது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடைப்பட்ட அளவு.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் புதிய டிரான்சிஸ்டர் வாங்கி, மைக்கா தகடும் தெர்மல் பேஸ்டும் வைத்துப் பொருத்தி, அதே அளவு ஃபியூஸைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். மூன்று விநாடி ஏதோ நடந்தது. திரையருகே நிலைமின்சாரம் படபடத்தது, கழுத்தில் ஒளி எழுந்ததுபோலவும் இருந்தது; பிறகு ஒரு சிறு ‘டப்’. ஃபியூஸ் போயிற்று, புதிய டிரான்சிஸ்டரும் போயிற்று. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். ஃபியூஸை அறுத்தது டிரான்சிஸ்டர் என்று கண்டுபிடித்தவன், டிரான்சிஸ்டரைக் கொன்றது யார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

அந்த டிரான்சிஸ்டர் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் கேள்வி தானாக எழும். திரையில் மின்கற்றை ஒரு வரியை வரைய எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 63 மைக்ரோ விநாடி. விநாடிக்குச் சுமார் 15,700 வரிகள். ஒவ்வொரு வரியிலும் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது டியூபின் கழுத்தில் மாட்டி மின்கற்றையைத் திருப்பும் யோக் என்ற சுருளிலும் ஃப்ளைபேக்கிலும் மின்னோட்டம் சீராக ஏறுகிறது. பட்டென்று மூடும்போது, அந்தச் சுற்றுகளில் சேர்ந்த ஆற்றல் ஏறத்தாழ ஆயிரம் வோல்ட் உயரமுள்ள துடிப்பாக டிரான்சிஸ்டரின் கலெக்டரில் வந்து மோதுகிறது. 1,500 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டரை அங்கே வைத்திருப்பது இதனால்தான். அந்தத் துடிப்பையே ஃப்ளைபேக் பல மடங்கு உயர்த்தி டியூபுக்கு அனுப்புகிறது. ஃப்ளைபேக்கின் சுற்றுகளுக்குள் காப்பு உருகி இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டால், டிரான்சிஸ்டர் தன் சக்திக்கு மீறிய சுமையை விநாடிக்குப் பதினைந்தாயிரம் முறை இழுக்க வேண்டியதாகிறது. அது மூன்று விநாடி தாங்கியதே பெரிது.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. அந்த டிரான்சிஸ்டர் உண்மையானதுதானா? உற்பத்தி நின்றுபோன பழைய டிரான்சிஸ்டர்களின் பெயரைப் பொறித்த போலிகள் சந்தையில் உலவுவது இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தியல்ல. வைஸில் பிடித்து, இரும்பறுக்கும் வாளால் இரண்டு தொப்பிகளையும் அறுத்துத் திறந்தேன். பழையதில் நகத்தளவுச் சில்லு தடித்த செப்புத் தட்டின்மேல் அமர்ந்திருந்தது. புதியதில் எள்ளைவிடச் சற்றுப் பெரிய சில்லு மெல்லிய தகட்டில் ஒட்டிக்கிடந்தது. ஆக, என்னிடம் இரண்டு சந்தேகக் குற்றவாளிகள். ஒருவரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மற்றவரை விட்டுவிடும் தவறை இம்முறை செய்யவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் குண்டு பல்பு உதவிக்கு வந்தது. 100 வாட் ஃபிலமென்ட் பல்பு ஒன்றை மானிட்டரின் மின்பாதையில் தொடராக இணைத்தால், மானிட்டர் நலமாக இருக்கும்போது பல்பு மங்கலாகவே எரியும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து, மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திவிடும். குளிர்ந்திருக்கும்போது பத்து ஓம் அளவில் இருக்கும் அதன் தடை, சூடேறினால் 144 ஓமுக்கு உயர்வதுதான் இந்தத் தந்திரத்தின் அடிப்படை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. கனடாவில் 100 வாட் குண்டு பல்புகள் 2014 முதல் விற்பனையிலிருந்து மறைந்துவிட்டதால், பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றின் மேசை விளக்கிலிருந்துதான் எனக்கு ஒன்று கிடைத்தது. விளக்கையும் சேர்த்தே வாங்க வேண்டியதாயிற்று. இந்தச் சோதனையின்போது டியூபைச் சுற்றியிருக்கும், திரையில் சேரும் காந்தத்தை நீக்கும் டீகாஸ் சுருளின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். அது தொடக்கத்தில் இழுக்கும் மின்னோட்டம் பல்பைப் பிரகாசமாக எரிய வைத்து, இல்லாத ஷார்ட்டை இருப்பதாகக் காட்டும்.

முதலில் டிரான்சிஸ்டரைப் பொருத்தாமலேயே, ஃபியூஸுக்குப் பின்னால் பி பிளஸுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு 60 வாட் பல்பைப் போலிச் சுமையாகக் கட்டி, பி பிளஸை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டரைச் சோதித்தேன். மீட்டர் 121 வோல்ட்டில் அசையாமல் நின்றது. ரெகுலேட்டர் குற்றமற்றது. அது கெட்டு 150 வோல்ட்டை அனுப்பியிருந்தாலும் டிரான்சிஸ்டர் இதேபோல் செத்திருக்கும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

அடுத்தது ரிங் டெஸ்டர். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு கருவி, சுருளுக்குள் ஒரு துடிப்பைத் தட்டிவிட்டு, அது எத்தனை முறை அதிர்ந்து அடங்குகிறது என்பதை எட்டு விளக்குகளில் காட்டும். கோயில் மணியைத் தட்டிப் பார்ப்பதுபோல்தான்: விரிசல் இல்லாத மணி நீண்ட நேரம் ரீங்கரிக்கும், விரிசல் விட்டது ‘டொக்’கென்று நின்றுவிடும். ஃப்ளைபேக்கும் யோக்கும் ஒரே பாதையில் இருப்பதால் யோக்கின் இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, ஃப்ளைபேக்கின் முதன்மைச் சுற்றில் வைத்தேன். ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. யோக்கைத் தனியாக வைத்தேன். பச்சை வரை ஏறியது. சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளந்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது; இரண்டு வளையங்கள் ஒட்டினால் தடையில் ஏற்படும் வேறுபாடு மீட்டரின் கண்ணுக்கே தெரியாது. ஃப்ளைபேக்கைச் சால்டர் உறிஞ்சி கொண்டு பலகையிலிருந்து எடுத்த பிறகு, சட்டத்தை ஒட்டி மறைந்திருந்த பக்கத்தில் மயிரிழை போன்ற விரிசலும் அதன் ஓரத்தில் கருமையும் தெரிந்தன. நாற்பது ஆண்டுகள் சூடாகிக் குளிர்ந்த பிளாஸ்டிக்கைக் குறை சொல்வதற்கில்லை. போலி டிரான்சிஸ்டர் ஒன்றும் உத்தமன் இல்லைதான். ஆனால் அசலைப் போட்டிருந்தாலும் அதுவும் செத்திருக்கும், நான் மூன்றாவதையும் வாங்கியிருப்பேன்.

மாற்று ஃப்ளைபேக் வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. காத்திருந்த நாட்களில், பழைய மானிட்டர் என்றாலே முதல் வேலையாக எல்லா எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் மாற்றிவிட வேண்டும் என்று பலரும் தரும் ஆலோசனையைப் பற்றி யோசித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெபாசிட்டர்கள் காய்ந்து போனால் படம் வளையும், மங்கும், சுருங்கும், உருளும். மானிட்டர் இப்படி அடியோடு சாவது அரிது. செத்த மானிட்டரில் முதலில் இருபதுக்கும் மேற்பட்ட கெபாசிட்டர்களை மாற்றினால், பழைய கோளாறோடு நம் கைப்பிழைகள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டு, எது பழையது, எது நாம் செய்தது என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்துவிடுவோம். முதலில் உயிர் வரட்டும், அழகு பிறகு என்று ஒதுக்கி வைத்தேன்.

புதிய ஃப்ளைபேக்கையும், நம்பகமான இடத்தில் வாங்கிய டிரான்சிஸ்டரையும் பொருத்தி, தொடர் பல்போடு இயக்கினேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. படம் வரவில்லை, கழுத்திலும் ஒளி தெளிவாக இல்லை. சோர்ந்து சுவிட்சை அணைக்கப் போனபோது, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் பதினான்கு வயது மகள், “அப்பா, அதிலேர்ந்து ‘கீ’ன்னு ஒரு சத்தம் வருது, காதைக் குத்துது” என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் உறைத்தது: 15,700 ஹெர்ட்ஸ் ஒலி இளம் காதுகளுக்குக் கேட்கும், ஐம்பதைத் தாண்டிய என் காதுக்கு எட்டாது. கிடைவரிப் பகுதி ஓடுகிறது, பல்பு தடுப்பதால் போதிய மின்னழுத்தம் இல்லாமல் திணறுகிறது, அவ்வளவுதான். பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்தேன். கழுத்து கனன்றது, என் கைமயிர் திரையை நோக்கிச் சிலிர்த்தது, அரை நிமிடத்தில் கருவானத்தில் விண்மீன்கள் தெரிந்தன. சுமையோடு அளந்து, பி பிளஸைத் திருகி 120 வோல்ட்டில் நிறுத்தினேன். படம் இன்னும் பிரகாசமாக இருக்கட்டுமே என்று இதைக் கூட்டக் கூடாது. இது ஏறினால் டியூபின் உயர் மின்னழுத்தமும் ஏறும், அதோடு எக்ஸ் கதிர் அபாயமும் வரும்.

கால் மணி நேரம் விளையாடியிருப்போம். திடீரென்று முழுப் படமும் சுருங்கி, திரையின் நடுவில் நெட்டாக நிற்கும் ஒற்றை வெள்ளைக் கோடாக மாறியது. சாதாரணத் தொலைக்காட்சியில் இது படுக்கைக் கோடாக வரும், செங்குத்துப் பகுதி நின்றுவிட்டது என்று பொருள். கேலகாவில் டியூபையே 90 பாகை திருப்பிப் பொருத்தியிருப்பதால் கோடும் எழுந்து நிற்கிறது. இதை மறந்துவிட்டு நான் அரை நாள் கிடைவரிப் பகுதியையே குடைந்துகொண்டிருந்தேன். கோடு தெரிந்தவுடன் பிரகாசத்தைக் குறைக்க வேண்டும் என்ற நினைவாவது இருந்தது, இல்லாவிட்டால் அந்த ஒற்றை வரியில் திரையின் ஒளிரும் பூச்சான ஃபாஸ்பர் கருகிவிடும். கடைசியில், காய்ந்த மூங்கில் குச்சியால் பலகையை அங்கங்கே தட்டியபோது, யோக்கின் இணைப்பி அருகே தட்டினால் படம் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அதன் ஊசிகளைச் சுற்றி ஈயத்தில் வட்ட வட்டமாக விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்ற வைத்தேன். ஃப்ளைபேக், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், கழுத்துப் பலகை இணைப்பிகள் ஆகியவற்றின் ஊசிகளுக்கும் கையோடு அதையே செய்தேன்.

கெபாசிட்டர்களை அதன் பிறகு ஒரு வார இறுதியில், ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பொருத்தி மாற்றினேன். பழைய பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தது, ஒன்றைத் தலைகீழாகப் பொருத்தியதை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க உதவியது. ஓரங்களில் இருந்த வளைவு மறைந்தது. கழுத்துப் பலகையின் திருகுகளால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும்வரை வண்ணங்களைச் சரிசெய்தேன். திரையை அணைத்த பிறகும் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் பழைய எழுத்துகளின் தழும்பை மட்டும் எதனாலும் நீக்க முடியாது.

படத்தின் அகலத்தைத் திருத்தும் சுருளைத் தொடாமல் விட்டிருக்கலாம். அதன் நடுவிலுள்ள ஃபெரைட் திருகைப் பிளாஸ்டிக் கருவியால் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தும், கைக்கருகே கிடந்த இரும்பு ஆலன் சாவியால் திருப்பினேன். அது உள்ளேயே உடைந்து இறுகிப்போனது. அதன் விளைவாகப் படம் மேலும் கீழும் ஒரு விரற்கடை குட்டையாக இருக்கிறது, ஏனெனில் திருப்பி வைத்த டியூபில் அகலம்தான் உயரம். மதிப்பெண் வரியும் அடியிலுள்ள கொடிகளும் முழுமையாகத் தெரிகின்றன. மகளும் அவளுடைய தோழிகளும் வாரந்தோறும் விளையாடுகிறார்கள், இதுவரை யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.